நிழல் கணக்கு

நாளுக்கு எழுபது ரிங்கிட், ஒரு தொப்பி, ஒரு கருவி.
மதியம் ஒன்றிலிருந்து நான்குவரை
நகரத்தின் சூட்டை நடந்து அளக்க வேண்டும்.
மரம் நடுவதற்கு முன்
காய்ச்சல் பார்க்கிறார்களாம்.

பயிற்சி நடந்த ஹோட்டலில் அப்படியொரு குளிர்.
துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு கேட்டேன்:
"வெயில் ஆள் பார்த்துக் காய்வதில்லை" என்றார் அதிகாரி.
குறித்துக்கொண்டேன்.

புக்கிட் டாமான்சாராவில்
தூங்குமூஞ்சி மரங்கள் சாலைக்கு மேல் கைகோத்திருந்தன.
முப்பத்தொன்று புள்ளி நான்கு.
காவல்சாவடியிலிருந்து ஒருவர் வந்தார்,
யாரைத் தேடுகிறாய்?
வெப்பத்தை, என்றேன்.
சிரிக்காமல் அடையாள அட்டையைக் கேட்டார்.
வெள்ளைக்காரர் ஒருவர் வியர்வை சொட்ட
எங்களைக் கடந்து ஓடினார்.
அவரிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

செந்தூலில், எங்கள் ப்ளாட்டின் கார் நிறுத்துமிடத்தில்
முப்பத்தெட்டு புள்ளி ஒன்பது.
கருவியை உதறிப் பார்த்தேன்,
அதையே சொன்னது.
தகரத்துக்கு அடியில் தோசைக்கல்லின் முன் நின்ற
பிரகாசவல்லி
"அந்த டப்பாவை ஏன் கேக்குறே,
என் முதுகைக் கேளு" என்றாள்.

இந்த வீட்டுக்கு முன் பதினோரு வீடு பார்த்தோம்.
பார்த்தோம் என்பது தப்பு.
பதினோரு விளம்பரத்துக்கு வாட்சாப் அனுப்பினோம்.
என்ன இனம் என்று பதில் வரும்.
சொன்னதும்
நீல டிக் இரண்டு விழும், அவ்வளவுதான்.
ஒரே ஒரு முகவர் மட்டும்
ஓனர் விருப்பம், மன்னிக்கணும் என்று
கைகூப்பும் பொம்மையோடு அனுப்பினார்.
பன்னிரண்டாவது இது. தரைத்தளம்,
லோங்காங்குக்குப் பத்தடி.
எங்கள் இனத்தை இங்கே ஒருவரும் கேட்கவில்லை.
ஏன் கேட்கவில்லை என்பதை
டிசம்பரில் ஆறு உள்ளே வந்து சொன்னது.

சுவரில் என் மகன் யாழவன் வளர்ந்த கோடுகள்,
பென்சிலில், பிறந்தநாளுக்கு ஒன்றாக.
எல்லாவற்றுக்கும் மேலே
பழுப்பாக ஒன்று,
ஒரே இரவில் வளர்ந்தது.

இங்கேயே நிறுத்தினால் எனக்கு வசதி.

ஆனால் போன ஆண்டு
பின்னறையை வாடகைக்கு விட நினைத்தபோது
சொஹேல் வந்து நின்றான்,
எதிர்க் கோபுரத்தில் கம்பி கட்டுகிறவன்,
முன்பணத்தைக் கையில் சுருட்டி வைத்திருந்தான்.
"பங்ளாவுக்கு வேண்டாங்க" என்றேன் கணவரிடம்,
தமிழில்தானே என்று.
முதல் சொல் அவனுக்குப் புரிந்தது.
பணத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு
தெரீமா காசே என்று போனான்.

இன்று பதினாறாவது புள்ளி அந்தக் கோபுரத்தின் அடி.
நாற்பத்தொன்று.
தண்ணீர்த் தொட்டியின் நிழலில் ஆறு பேர்
முழங்காலைக் கட்டிக்கொண்டு.
அவனும் இருந்தான்.
எவ்வளவு என்று மலாயில் கேட்டான். காட்டினேன்.
எங்கள் ஊரிலும் ஒருவர் இப்படி வந்து அளந்தார் என்றான்,
வெயிலை இல்லை, கரையை.
அடுத்த மழைக்கு மேக்னா வந்து
அளந்த இடத்தையும் கொண்டுபோனது,
வீட்டையும்.
அதனால்தான் இங்கே.

படிவத்தில் தார், மண், சிமெண்ட் என்று கட்டம் இருக்கிறது.
காற்று உண்டா, மரம் எத்தனை.
இங்கே யார் நிற்கிறார்கள்,
யார் நிற்கவைத்தார்கள் என்பதற்கு இல்லை.
கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு விரற்கடை இடம்.
பேனாவைத் திறந்து
மூடினேன்.

பின்னறை இன்னும் காலிதான்.
சொல்ல நாக்கு எழவில்லை.

சூரியன் சாய்ந்ததில்
தொட்டியின் நிழல் ஓரடி தள்ளிப்போனது.
பேசாமல் எழுந்து நகர்ந்து
மறுபடி உட்கார்ந்தோம்,
ஏழு பேர்.